‘வேண்டாம்’ என்ற சொல்லுக்குக் கதையில் என்ன மதிப்பு?

ஹார்டுவேர் கடையில் பகுதிநேர வேலை பார்க்கும் கல்லூரி மாணவி அனஸ்தேசியா. அவளிடம் இளம் கோடீஸ்வரன் கிறிஸ்டியன் கிரே வந்து கேபிள் டை, மாஸ்கிங் டேப், கயிறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குகிறான். ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ நாவலில் பின்னால் வரப்போவதற்கெல்லாம் கட்டியம் கூறும் காட்சி இது. வாசகருக்கு விறுவிறுப்பு, கட்டிப்போடும் வகைக் காமத்தில் பழகியவருக்கோ முதல் உறுத்தல். கேபிள் டை இழுத்தால் இறுகும், தளராது. மணிக்கட்டில் ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், நரம்பை நசுக்கும், அவசரமென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான்.

கற்பனைக் கதையிடம் இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1954-இல் பாரிஸில் வெளிவந்த ‘ஸ்டோரி ஆஃப் ஓ’ நாவலை யாரும் அப்படி அளப்பதில்லை. போலின் ரேயாஜ் என்ற புனைபெயரில் அதை எழுதியவர் ஆன் தெக்லோ. தாம்தான் எழுதியது என்று அவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1994 ஆனது. அந்த நாவலின் மாளிகையும் அதன் சடங்குகளும் கனவில் நடப்பவை போலவே எழுதப்பட்டிருக்கின்றன. ஈ.எல். ஜேம்ஸ் எழுதிய ‘ஃபிஃப்டி ஷேட்ஸ்’ வேறு தரையில் நிற்கிறது. சியாட்டில் என்ற உண்மை நகரம், மின்னஞ்சல்கள், பிரிவு பிரிவாக எழுதிய ஒப்பந்தம் எல்லாம் அதில் உண்டு. ‘ட்வைலைட்’ ரசிகர் கதையாக இணையத்தில் தொடங்கி 2011-இல் புத்தகமான அது, மூன்று பாகங்களுமாகப் பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ‘கிங்க்’ எனப்படும் ஆதிக்கம்–அடங்கல் விளையாட்டைப் பற்றி அதற்கு முன் எதுவுமே படித்திராத பலருக்கு அதுவே முதல் அறிமுகம். நடப்பியல் வேடம் போட்ட கதையை நடப்பியலின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும்.

அந்த அளவுகோலிலும் நாவல் தேறும் இடம் ஒன்று உண்டு: தனக்கு அடங்கி நடக்கும்படி கிரே நீட்டும் ஒப்பந்தத்தைப் பற்றிய பேரம். அனஸ்தேசியா கேள்வி கேட்கிறாள். அவன் சொல்லும் சாப்பாட்டுப் பட்டியல் வேண்டாம் என்கிறாள், உடற்பயிற்சி நாட்களைக் குறைக்கச் சொல்கிறாள், சில செயல்களை அடியோடு அடிக்கச் சொல்கிறாள். காதல் நாவல்களில் ஆசை பெரும்பாலும் பேச்சில்லாமலே நிகழும். கண்கள் சந்தித்தால் போதும், எல்லாம் புரிந்துவிடும். இங்கே இருவர் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, எது சரி எது கூடாது என்று வாய்விட்டுப் பேசுகிறார்கள். இந்தப் பக்கங்களுக்காக ஜேம்ஸைத் தயங்காமல் பாராட்டலாம்.

ஆனால் இந்தப் பேச்சுக்கு வெளியே கிரே என்ன செய்கிறான்? அவளுடைய கைபேசியை வைத்து அவள் இருக்கும் மதுக்கூடத்தைக் கண்டுபிடித்து வந்து நிற்கிறான். பின்னர் அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தையே வாங்குகிறான். இவற்றுக்கு எந்த ஒப்பந்தத்திலும் இடமில்லை, அவள் சம்மதமும் இல்லை. நாவலோ இவற்றையெல்லாம் ஆழ்ந்த காதலின் அடையாளமாகவே காட்டுகிறது. 2013-இல் ஏமி பொனோமியும் உடனாய்வாளர்களும் இந்த நாவலை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்துப் பார்த்து, இது துணைவர் வன்முறையின் அடையாளங்களோடு பொருந்துகிறது என்று எழுதினார்கள். படுக்கையறையில் நடப்பதைவிட, வெளியே நடக்கும் இந்தக் கண்காணிப்புதான் கதையின் பெரிய கோளாறு.

முதல் பாகத்தின் முடிவு இன்னும் சிக்கலானது. அவள் கேட்டதன் பேரில் கிரே பெல்ட்டால் ஆறு அடி அடிக்கிறான். நிறுத்தச் சொல்வதற்கென்று இருவரும் முன்பே பேசி வைத்த சொல் இருக்கிறது. அவள் அதைச் சொல்லவில்லை, அழுதபடி விலகிப் போகிறாள். புதிதாக வந்தவர் அதிர்ச்சியில் வாயடைத்துப் போவது நடக்கக்கூடியதே. அதனால்தான் அனுபவமுள்ளவர் நடுவில் நிறுத்தி எதிராளியின் நிலையைக் கேட்பார், முடிந்ததும் கூடவே இருந்து கவனிப்பார். கிரே நடுவில் நிறுத்திக் கேட்கவில்லை. அடுத்த பாகத்தில், அந்தச் சொல்லை ஏன் பயன்படுத்தவில்லை என்று அவளையே கேட்கிறான். ஆசிரியர் இந்தக் கேள்வியை அவன் பக்கமும் திருப்பியிருந்தால் நாவலின் எடையே கூடியிருக்கும்.

இதைவிட ஆழமான பிழை, ஆசையை நோயாக்கியது. கிரே சிறுவயதில் சூடு வாங்கியவன், அதனால் இப்படி ஆனான், உண்மைக் காதல் அவனைத் திருத்துகிறது, கல்யாணமும் குழந்தைகளும் வருகின்றன. காதல் நாவலின் சுபமுடிவுக்காகக் கதாநாயகனின் இயல்பே பலியாகிறது. ஆய்வுகள் வேறு சொல்கின்றன. 19,000-க்கும் மேற்பட்டோரிடம் ஆஸ்திரேலியாவில் எடுத்து 2008-இல் வெளியான கணக்கெடுப்பில், முந்தைய ஓராண்டில் கிங்க் விளையாட்டில் ஈடுபட்டதாகச் சொன்னவர்களிடம் பாலியல் வற்புறுத்தலுக்கு ஆளான வரலாறோ மன உளைச்சலோ மற்றவர்களைவிட அதிகமாகத் தெரியவில்லை. 2013-இல் வந்த நெதர்லாந்து ஆய்வின் முடிவும் ஏறக்குறைய இதே. அதே ஆண்டு அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேடு, வழக்கத்துக்கு மாறான விருப்பம் வேறு, கோளாறு வேறு என்று பிரித்துவிட்டது.

ஒப்பந்தம் என்ற உத்தியும் புதிதல்ல. ‘வீனஸ் இன் ஃபர்ஸ்’ எழுதிய லியோபோல்ட் ஃபான் ஸாகர்-மாஸோக் 1869-இல் ஃபானி பிஸ்டோர் என்ற பெண்ணுக்கு ஆறு மாதம் அடிமையாக இருப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார். தினம் ஆறு மணி நேரம் தம் எழுத்து வேலைக்கு, தம் கடிதங்களை அவள் படிக்கக் கூடாது என்ற நிபந்தனைகளும் அதில் உண்டு. அடங்க விரும்பிய மனிதர் தமக்கென்று எதை வைத்துக்கொண்டார் என்பதை அந்தத் தாள் சொல்கிறது. அனஸ்தேசியாவின் அந்தரங்கத்துக்குக் கிரேயிடம் அந்தக் காவல்கூட இல்லை.

கிங்க் உலகை உள்ளிருந்து காட்டிய படைப்பு வேண்டுமானால் பீட்டர் ஸ்ட்ரிக்லண்டின் ‘தி டியூக் ஆஃப் பர்கண்டி’ (2014) திரைப்படத்தைப் பார்க்கலாம். வீட்டு எஜமானி சிந்தியா. அவளிடம் திட்டு வாங்கும் வேலைக்காரி எவலின். சற்று நேரத்தில் உண்மை தெரிகிறது: இருவரும் காதலர்கள், எஜமானி பேச வேண்டிய வசனங்களைச் சிறு அட்டைகளில் எழுதிக் கொடுப்பவளே எவலின்தான். சிந்தியாவுக்கு முதுகு வலிக்கிறது. இறுக்கமான உடையைக் கழற்றிவிட்டுப் பைஜாமாவில் படுத்தால் போதும் என்றிருக்கிறது. ஆனாலும் அன்புக்காக அதட்டுகிறாள். நிறுத்தும் சொல்லும் அங்கே உண்டு. யாரும் யாரையும் குணப்படுத்துவதில்லை. ஒருத்தியின் ஆசை இன்னொருத்திக்கு எவ்வளவு உழைப்பு என்ற கேள்வியைப் படம் கடைசிவரை விடுவதில்லை. எல்லாத் தம்பதிக்கும் தெரிந்த கேள்வி அது.

ஜேம்ஸின் நாவல் காதல் கதையாக வென்றது, அதை மறுக்க முடியாது. கிங்க் உறவின் சித்திரமாக, பேரம் பேசும் அந்தச் சில பக்கங்களைத் தாண்டி அதை நம்ப முடியவில்லை. இந்தக் களத்தில் எழுத வருகிறவர்கள் கயிற்றையும் சாட்டையையும் பற்றி எவ்வளவு படித்தாலும், கதாநாயகி ‘வேண்டாம்’ என்று சொல்லும் வரியை முதலில் எழுதிப் பார்க்கட்டும். அடுத்த வரியில் எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்பதிலேயே அந்தப் புத்தகத்தின் தரம் தெரிந்துவிடும்.