செடித் தொட்டியின் நீரோட்டம்: மரபுகளும் அளவுகோல்களும்

செடி வளர்க்கும் மீன்தொட்டிக் கலையின் மரபுகளை எல்லோரும் அழகை வைத்தே பிரிக்கிறார்கள். நெதர்லாந்துக்காரர்கள் செடிகளைப் பாத்தி கட்டியதுபோல் நிறம்நிறமாக நிறுத்துவார்கள். ஜப்பானின் தகாஷி அமானோ வழிவந்தவர்கள் கல்லையும் கட்டையையும் வைத்து மலைச்சரிவைக் காட்டுவார்கள். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் 1999-இல் எழுதிய நூலைப் பின்பற்றுகிறவர்கள் சரளைக்கு அடியில் மண்ணைப் போட்டு, செடியை அதன் போக்கில் விட்டுவிடுவார்கள். கண்ணுக்கு இந்தப் பிரிவினை சரிதான். ஆனால் அடர்ந்த தொட்டி ஆறு மாதம் கழித்தும் நன்றாக இருக்குமா என்ற கேள்விக்கு இதில் விடை கிடையாது. அதற்கு, உள்ளே நீர் எப்படி நகர்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால், நீரை ஓடவிட வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை பழையது. 1850-இல் லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் தங்கமீன், வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே பாத்திரத்தில் வைத்து, நீரை மாற்றாமலே அவை ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்ளும் என்று காட்டினார். 1871-இல் கிரிஸ்டல் பேலஸ் காட்சியகத்தை அமைத்த வில்லியம் ஆல்ஃபர்டு லாய்டு வேறு வழியில் போனார். தொட்டிகளைவிடப் பெரிய இருட்டு நிலவறைத் தேக்கம் ஒன்றைக் கட்டி, பம்பு வைத்து நீரை ஓயாமல் சுற்றவிட்டார். அது கடல்நீர்க் காட்சியகம். என்றாலும் யோசனை பொதுவானது. வால்ஸ்டாட் வாரிங்டனின் வாரிசு. கேனிஸ்டர் ஃபில்டரையும் கண்ணாடி லில்லி பைப்பையும் நம்பிய அமானோ லாய்டின் வாரிசு. அமானோ 2015-இல் லிஸ்பனில் அமைத்த 40 மீட்டர் நீளத் தொட்டி 1,60,000 லிட்டர் கொள்ளும். அந்த அளவில் ஓட்டம் இல்லாமல் செடியை நினைத்தே பார்க்க முடியாது.

ஓட்டம் ஏன் வேண்டும்? கார்பன் டை ஆக்சைடு காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. ஒவ்வொரு இலையையும் ஒட்டி அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. வாயுவும் உரமும் அதைக் கடந்துதான் இலைக்குள் போக வேண்டும். நீர் நகர்ந்தால் படலம் மெலியும். பிரிட்டனில் வெஸ்ட்லேக் 1967-இல் வெளியிட்ட ஆய்வில், விநாடிக்கு அரை சென்டிமீட்டர் வரையிலான மெல்லிய ஓட்டத்திலேயே நீர்ச்செடிகளின் ஒளிச்சேர்க்கை நன்றாகக் கூடியது. டென்மார்க்கில் 1993-இல் வந்த ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. வேகம் விநாடிக்கு 1 சென்டிமீட்டரிலிருந்து 8 சென்டிமீட்டர் வரை ஏறியபோது ஒளிச்சேர்க்கை குறைந்தது. ஆக, செடிக்கு வேண்டியது எல்லா இலைக்கும் எட்டுகிற மெதுவான ஓட்டம்.

இங்கேதான் கடைகளில் சொல்லும் ‘மணிக்குப் பத்து மடங்கு’ கணக்கு இடறுகிறது. 100 லிட்டர் தொட்டிக்கு 1,000 லிட்டர் பம்பு வாங்கிவிடலாம். பெட்டியில் அச்சிட்ட அந்த எண் ஸ்பாஞ்சு அடைக்காத, குழாய் வளையாத பம்புக்கானது. தொட்டிக்குள் நுழைந்த நீரும் தடையில்லாத வழியாகவே ஓடும்: மேற்பரப்பில் சீறிப் பாய்ந்து, ரோட்டாலா புதருக்குள் நுழையாமல் திரும்பிவிடும். புதரின் உச்சியில் தளிர் பளபளக்கும். விரலால் விலக்கிப் பார்த்தால் கீழ் இலைகள் பழுத்து உதிர்ந்து, தண்டைச் சுற்றி மீன் கழிவு பஞ்சுபோல் படிந்திருக்கும். எதிரெதிரே இரண்டு பவர்ஹெட் பம்பு வைத்தாலும் தீராது. இரு ஓட்டமும் நடுவில் மோதி அடங்கிவிடும். பௌர்ணமியன்று திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் அத்தனை கூட்டம் நகர்வது எல்லோரும் ஒரே திசையில் நடப்பதால்தான். தொட்டியிலும் வழி ஒன்றே இருக்கட்டும். குறுகிய பக்கம் ஒன்றின் மேலே நீரை விட்டு, முன்கண்ணாடி ஓரமாக எதிர்ப்பக்கம் போகவிட்டு, அடிவழியாகச் செடிகளுக்கு நடுவே திருப்பி, புறப்பட்ட பக்கத்தின் கீழ்மூலையில் உறிஞ்ச வேண்டும். பின்வரிசைச் செடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். நெதர்லாந்து மரபு செடிக் கூட்டங்களுக்கு நடுவே விடும் ‘தெரு’, அழகுக்காக வந்ததென்றாலும், நீருக்கும் வழியாகிறது. புது பம்பு வாங்குவதற்கு முன் கத்தரிக்கோலை எடுப்பதே முறை.

வால்ஸ்டாட் தொட்டிகள் ஃபில்டரே இல்லாமல் செழிக்கின்றனவே என்று கேட்கலாம். செழிப்பது உண்மை. அங்கே மண்ணிலிருந்து கார்பன் டை ஆக்சைடு ஊறுகிறது, மீன் குறைவு. வாலிஸ்நேரியா, ஹைட்ரில்லா போன்றவை கடின நீரிலுள்ள பைகார்பனேட்டையும் பயன்படுத்திக்கொள்ளும். தவிர, வால்ஸ்டாட் குறைக்கச் சொன்னது ஃபில்டருக்குள் நுண்ணுயிர் வளர்க்கும் பொருளைத்தான். நீர் நகரவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. மேற்பரப்பைக் கலக்கினால் செடிக்காகச் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு பறந்துவிடும் என்பது இன்னொரு மறுப்பு. குளிர்நாட்டில் அதற்கு அதிக மதிப்புண்டு. திருவண்ணாமலையின் சித்திரை வெயிலில் கணக்கு மாறும். 20 டிகிரி நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். இரவில் செடியும் மீனோடு சேர்ந்து அதை இழுப்பதால் விடியுமுன் மீன்கள் மேலே வந்து வாய் திறக்கும். பகலில் மேற்பரப்பு லேசாக நெளிந்தால் போதும். விளக்கணைந்த பிறகு ஏர் பம்பை ஓடவிடலாம். ஃபைட்டர், கௌராமி போன்ற நிற்கும் நீர் மீன்கள் ஓட்டத்தில் களைக்குமே என்றால், ஸ்ப்ரே பாரைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் வேகம் உடைந்துவிடும். அவை ஒதுங்க மிதக்கும் செடி ஒரு மூலையில் இருக்கட்டும்.