அண்டங்காக்கை எங்கே இருந்தது?

தாவீது அரசர்முன் வந்து நின்ற இறைவாக்கினர் நாத்தான் குற்றப்பட்டியல் எதையும் வாசிக்கவில்லை. ஓர் ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னார். ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்து விருந்து சமைத்த செல்வன்மீது அரசர் கடுஞ்சினம் கொண்டார். அச்செல்வன் தாமே என்பது அதன் பின்னரே அவருக்கு விளங்கிற்று. உருவகக் கதையின் வலிமை இதுவே. கேட்பவர் முதலில் பிறருக்குத் தீர்ப்பிடுகிறார். பின்பு அத்தீர்ப்பு அவரிடமே திரும்பி வருகிறது.

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’யையும் நாம் அவ்வாறே வாசிக்க வேண்டும். 1903இல் பீகாரின் மோத்திஹாரியில் பிறந்த இந்த ஆங்கில எழுத்தாளரின் குறுநாவல் 1945 ஆகஸ்டில் வெளிவந்தது. குடிகார முதலாளியைத் துரத்திய விலங்குகள், சில ஆண்டுகளிலேயே பன்றிகளுக்கு அடிமைகளாகின்றன. நெப்போலியன் என்னும் பன்றி ஸ்டாலின். விரட்டப்படும் ஸ்னோபால் ட்ராட்ஸ்கி. சுவரில் எழுதிய கட்டளைகள் இரவோடு இரவாகத் திருத்தப்படுகின்றன. இவ்வளவும் மாணவர் அறிந்ததே. “கம்யூனிசத்துக்கு நல்ல அடி” என மகிழ்ந்து நூலை மூடிவிடும் கத்தோலிக்க வாசகர் நம்மிடையே பலர். அவர்கள் தாவீதின் சினத்தோடு நின்றுவிடுகிறார்கள். அந்தப் பண்ணையில் நாமும் இருக்கிறோம் என்பதை அவர்கள் காண்பதில்லை.

மோசஸ் என்பது முதலாளியின் செல்ல அண்டங்காக்கை. அது உழைப்பதில்லை, அவர் பீரில் நனைத்துத் தரும் ரொட்டியை உண்ணும். மேகங்களுக்கு அப்பால் கற்கண்டு மலை ஒன்று உண்டு, இறந்தபின் விலங்குகள் அங்கே செல்லும் என்று கதை சொல்லும். புரட்சியன்று முதலாளியின் மனைவியைத் தொடர்ந்து பறந்துவிடுகிறது. பல ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வந்து அதே கதையைச் சொல்கிறது. பன்றிகள் அதைப் பொய்யென்று இகழ்கின்றன. ஆயினும் தங்க இடமும் நாள்தோறும் சிறிது பீரும் கொடுக்கின்றன. பசித்தோருக்கு மறுவுலகை மட்டுமே காட்டுபவர் ஆள்வோருக்குப் பயன்படுவார் அன்றோ! 1943 செப்டம்பரில் ஸ்டாலின் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தலைமை ஆயர்கள் மூவரை அழைத்துப் பேசி, முதுபெரும் தந்தையைத் தேர்ந்தெடுக்க இசைவளித்தார். அவ்வாண்டு நவம்பரில் ஆர்வெல் இக்கதையை எழுதத் தொடங்கினார்.

ஆர்வெல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவருடைய காக்கை பறந்து தப்பிவிடுகிறது. வரலாற்றில் பலர் தப்பவில்லை. பெத்ரோகிராத் தலைமை ஆயர் வெனியமின் 1922இலும், கத்தோலிக்கக் குரு கான்ஸ்தாந்தி புத்கேவிச் 1923இலும் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தகைய மறைசாட்சிகளுக்குப் பண்ணையில் இடமில்லாமற் போனது நூலின் குறையே. ஆனால் அவர்களுடைய குருதியைக் காட்டி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது.

பாக்ஸர் என்னும் வண்டிக்குதிரை காற்றாலைக்குக் கல் இழுத்தே உடல் முறிந்து விழுகிறது. மருத்துவமனைக்கு என்று சொல்லி அதை வண்டியில் ஏற்றுகிறார்கள். குதிரைகளைக் கொல்பவனின் வண்டி அது என்பதை எழுத்தைப் படித்துக் கதறிச் சொல்வது, படிக்கத் தெரிந்தும் பிறர் காரியங்களில் தலையிடாதிருந்த கழுதை பெஞ்சமின். அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்நாளில் அண்டங்காக்கை பண்ணைக்குத் திரும்பியிருந்தது. வண்டி புறப்பட்டபோது அது எங்கே இருந்தது? ஆர்வெல் சொல்லவில்லை.

அந்த மௌனமே என்னை உறங்கவிடாமல் செய்தது. பல ஆண்டுகளுக்கு முன், கல்லுடைத்தே நெஞ்சு தேய்ந்து மடிந்த ஒருவருடைய அடக்கத் திருப்பலியில் விண்ணக இளைப்பாற்றி பற்றி மறையுரை ஆற்றினேன். சொன்னவை அனைத்தும் நான் நம்பியவை, இன்றும் நம்புபவை. ஆனால் அவருக்கு வரவேண்டியிருந்த கூலியைப் பற்றி அவருடைய முதலாளியிடம் நான் ஒரு சொல்லும் கேட்டதில்லை. அம்முதலாளி அன்று முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

விண்ணகம் கற்கண்டு மலை அன்று. நம்மை அவ்வாறு பேசவைக்கும் மௌனமே அதைக் கற்கண்டு மலையாக்குகிறது. நாத்தானும் கடவுளைப் பற்றியே பேசினார். ஆனால் ஏழையின் ஆட்டுக்குட்டியை மறவாமல், அரசரின் முகத்தெதிரே நின்று பேசினார். இந்நூலை மீண்டும் கையிலெடுக்கும் வாசகரே, பன்றிகளை அடையாளம் கண்டபின் அண்டங்காக்கையையும் சற்றுத் தேடிப் பாருங்கள்.