பார்வையாளரை எங்கே உட்கார வைப்பது?

ஹெட்செட் மாட்டிக்கொண்டு எல்லாத் திசையிலும் பார்க்கக்கூடிய மெய்நிகர் (VR) படம் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவியில் தொடங்கிக் கருவியிலேயே முடிந்துவிடுகிறது. 2012இல் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் நானி தெ லா பெஞ்ஞாவின் ‘ஹங்கர் இன் லாஸ் ஏஞ்சலஸ்’ காட்டப்பட்டது முதல் வந்த படங்களில் மனத்தில் தங்கியவற்றைப் பார்த்தால், அவற்றின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. பார்ப்பவர் அந்தக் காட்சிக்குள் எங்கே இருக்கிறார் என்பதை அவை முதலிலேயே முடிவு செய்துவிட்டன.

ரோஜர் ராஸ் வில்லியம்ஸின் ‘டிராவலிங் வைல் பிளாக்’ (2019) இதற்கு நான் கண்ட மிகச் சிறந்த சான்று. களம், வாஷிங்டனில் 1958இல் தொடங்கிய ‘பென்ஸ் சில்லி போல்’ உணவகம். கேமரா ஒரு மேசையருகே, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் நிற்கிறது. சொந்த நாட்டில் பயணம் போகக் கறுப்பின மக்கள் எப்படியெல்லாம் அஞ்சவேண்டியிருந்தது என்று சுற்றியிருப்பவர்கள் பேசுகிறார்கள். 2014இல் கிளீவ்லாந்தில் காவலர் சுட்டு இறந்த 12 வயதுச் சிறுவன் டமீர் ரைஸின் தாயும் அங்கே பேசுகிறார். முகத்தைத் திருப்பிக்கொள்ள நான்கு பக்கமும் இடமிருக்கிறது. ஆனாலும் திருப்ப மனம் வருவதில்லை. திரையரங்கில் ஒரு குளோசப் செய்யும் வேலையை இங்கே வெறும் அருகாமை செய்துவிடுகிறது.

கேமரா இப்படி ஓரிடத்தில் நிற்பதால் உடலும் குமட்டலிலிருந்து பிழைக்கிறது. மலைப்பாதைப் பேருந்தில் புத்தகம் படிப்பவருக்கு உடல் ஆடும், கண் ஆட்டத்தைக் காணாது, குமட்டும். ஹெட்செட்டில் இது தலைகீழ்: கண் அசைவைக் காண்கிறது, உள்காது ‘அசைவே இல்லை’ என்கிறது. உள்காது முக்கியமாக வேகமாற்றத்தைத்தான் உணர்கிறது. அதனால் சீராக நேரே நகரும் கேமராவைப் பலர் தாங்கிக்கொள்வார்கள். திடீரெனக் கிளம்புவதும் நிற்பதும் வளைவதும்தான் கொல்லும். பார்வையாளரின் தலையைத் தானே திருப்பிவிடும் ‘பான்’ இன்னும் மோசம். முகத்துக்கு மிக அருகில் வரும் பொருளும் கண்ணைக் களைப்பாக்கும். லென்ஸின் குவியத் தொலைவு மாறாதிருக்க, கண்கள் மட்டும் உள்நோக்கித் திரும்ப வேண்டியிருப்பதே காரணம்.

சட்டகம் இல்லாத படத்தில் வெட்டுவது எப்படி? கூகுளில் பணியாற்றிய ஜெசிகா பிரில்ஹார்ட் நல்ல வழி காட்டினார். ஒரு ஷாட் முடியும்போது பார்வை எங்கே இருக்கக்கூடும் என்று கணித்து, அடுத்த ஷாட்டின் முக்கியப் பொருளை அதே திசையில் வைப்பது. மற்றதை ஒலி பார்த்துக்கொள்ளும். முதுகுப்புறம் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் யாரும் சொல்லாமலே தலை திரும்பும்.

கேமரா நகர்ந்தே ஆகவேண்டும் என்றால் உடலையும் நகர்த்துவது நேர்மையான வழி. 2017இல் கான் திரைப்பட விழாவுக்கு வந்த இயக்குநர் இன்யாரித்துவின் ‘கார்னே இ அரேனா’வில் பார்வையாளர் வெறுங்காலுடன் மணலில் நடந்தார். ஏ. ஆர். ரஹ்மான் இயக்கிய 36 நிமிட ‘லே மஸ்க்’ அசையும் நாற்காலியையும் வாசனையையும் சேர்த்துக்கொண்டது. இரண்டுமே தனி அரங்கம் கேட்பவை. வீட்டில் ஹெட்செட் மாட்டிக்கொள்பவருக்கு எட்டாதவை.

இத்துறைக்கு வரும் இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். நாள்தோறும் ஹெட்செட்டுக்குள் வேலை செய்பவரின் உடல் குமட்டலுக்குப் பழகிவிடுகிறது. அதன் தீர்ப்பை நம்பாதீர்கள். இதுவரை மெய்நிகர் படமே பார்த்திராத ஒருவரை உட்காரவைத்து முழுப் படத்தையும் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் ஹெட்செட்டைக் கழற்றுகிறாரோ, அந்த ஷாட்டை மாற்றுங்கள்.