கூட்டுமுயற்சிக் கலைக்களஞ்சியமும் சூழலியற் பொருண்மைகளும்: ஒரு நோக்கு

கலைக்களஞ்சியம் என்பது அறிந்தவற்றின் தொகுப்பு மட்டுமன்று. எவற்றை அறியத்தக்கவையென ஒரு சமூகம் கருதுகின்றது என்பதற்கான சான்றுமாகும். எனவே அதில் இடம்பெற்றவற்றை ஆராய்வது போலவே இடம்பெறாதவற்றை ஆராய்வதும் திறனாய்வின் கடமையாகின்றது.

தமிழில் இத்தகைய முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1902 இல் யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை வெளியிட்ட அபிதானகோசமும், 1910 இல் வெளிவந்த ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணியும் பெரும்பாலும் புராண, இலக்கிய, சமயப் பெயர்களை விளக்க எழுந்தவை. நவீன விஞ்ஞானத்துக்கு உரிய இடமளித்த கலைக்களஞ்சியம், தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் முயற்சியால், பெ. தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இவ்வரலாற்றின் அடுத்த கட்டமாகும். அதன் தொடக்கத்தில் முன்னின்று உழைத்தவர் ஈழத்தவரான இ. மயூரநாதன். ஊதியமின்றிப் பலர் எழுதியதன் பயனாக 2017 இல் அது ஓர் இலட்சம் கட்டுரைகளை எட்டியது. இச்சாதனையை மதித்தே இங்கு குறை கூறப்படுகின்றது. ஒரு கட்டுரை இன்று இல்லாதிருந்து நாளையே எழுதப்பட்டுவிடலாம். ஆதலால் இல்லாத தலைப்புகளை எண்ணிக் காட்டுவது நமது நோக்கமன்று. எது இல்லை என்று தீர்மானிக்கும் அளவுகோல் யாது என்பதே நமது வினா.

இன்று பெரிதும் கையாளப்படும் அளவுகோல் ஒப்பீடே. ஒவ்வொரு மொழியின் விக்கிப்பீடியாவிலும் இருக்கவேண்டியவை எனப் பொதுவாக வகுக்கப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் தலைப்புகளின் பட்டியல் ஒன்றுண்டு. அதனோடும் ஆங்கிலப் பதிப்போடும் ஒப்பிட்டு, உயிரியல், சூழலியல் ஆகிய துறைகளில் தமிழில் எழுதப்படாதவை கண்டறியப்படுகின்றன. இதனால் நன்மை உண்டு, ஐயமில்லை. கலத்தின் அமைப்பையும் கூர்ப்பின் பொறிமுறையையும் தமிழில் அறிய விழையும் மாணவனுக்கு அவை கிடைத்தே ஆகவேண்டும். ஆயினும் இவ்வளவுகோல் பிறர் பட்டியலில் உள்ளவற்றை மாத்திரமே நம்மிடம் இல்லாதவையாகக் காட்டும். எவர் பட்டியலிலும் இல்லாத, ஆனால் நமது கரையோரத்திலும் வயலிலும் குளத்திலும் உள்ள பொருண்மைகள் இல்லாமையாகக்கூடத் தோன்றுவதில்லை.

கண்டலை உதாரணமாகக் கொள்வோம். உவர்நீரில் வேரூன்றி, மூச்சுவேர்களால் காற்றைப் பெற்று, விதையைத் தாய்மரத்திலேயே முளைக்கச் செய்யும் மரங்கள் இவற்றுட் பல. இம்மரங்களின் உதிர்ந்த இலைகளைப் பங்கசுக்களும் பக்டீரியாக்களும் சிதைக்கின்றன. அச்சிதைவை நண்டும் இறாலும் உண்கின்றன. வேர்களின் இடையே மீன்குஞ்சுகள் வளர்கின்றன. அவை வளர்ந்து கரையோர மீனவனின் வலைக்கு வருகின்றன. இத்தொடர்பே சூழலியலின் உயிர்நாடி. சூழலியல் என்னும் துறைக்கு 1866 இல் ஏர்ணஸ்ட் ஹெக்கல் பெயரிட்டார். சூழற்றொகுதி என்னும் எண்ணக்கருவை 1935 இல் ஆதர் டான்ஸ்லி முன்வைத்தார். உயிரிகளைத் தனித்தனியே வருணிப்பதோடு நில்லாது, அவற்றுக்கிடையிலும் அவற்றுக்கும் மண், நீர், காற்று ஆகியவற்றுக்கிடையிலும் உள்ள உறவுகளை ஆராய்வதே அவ்வெண்ணக்கருவின் சாரம்.

ஆனால் கலைக்களஞ்சியத்தில் எளிதில் பெருகுவன பெயர், குடும்பம், அளவு, பரவல் என்பவற்றை நாலைந்து வரிகளிற் கூறி முடியும் குறுங்கட்டுரைகளே. ஒரே வார்ப்பில் நூறு இனங்களைப் பற்றி எழுதிவிடலாம். ஒரு களப்பில் அவ்வினங்கள் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பதை அவ்வாறு எழுத முடியாது. மரங்கள் எண்ணப்படுகின்றன, காடு விளக்கப்படாது நிற்கின்றது.

இவ்விடத்தில் மொழிச்சிக்கல் ஒன்றும் கவனிக்கத்தக்கது. நாம் கண்டல் என்பதைத் தமிழகத்தில் அலையாத்தி என்பர். நமது முருகைக்கல் அங்கு பவளப்பாறை. இழையம் அங்கு திசு. பரம்பரையலகு அங்கு மரபணு. ஒளித்தொகுப்பு அங்கு ஒளிச்சேர்க்கை. இலங்கைக்குள்ளேயே புத்தளத்தில் களப்பு எனவும், மட்டக்களப்பில் வாவி எனவும், யாழ்ப்பாணத்தில் கடனீரேரி எனவும் வழங்குகின்றோம். ஒரு சொல்லால் தேடுபவர்க்கு இல்லையெனத் தோன்றுவது மற்றொரு சொல்லில் இருத்தல் கூடும். ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு வழிப்படுத்தும் வசதி விக்கிப்பீடியாவில் உண்டு. ஆனால் அவ்வழிப்படுத்தலைச் செய்ய இரு மரபுகளையும் அறிந்தவர் வேண்டும். எது தூய சொல் என்னும் விவாதத்திற் செலவாகும் உழைப்பு இத்தொண்டில் செலவாயின் பயன் பெரிது.

இதனினும் ஆழமான முரண்பாடு ஒன்றுண்டு. கட்டுரையிற் கூறப்படும் ஒவ்வொரு செய்தியும் முன்னர் வெளியான நம்பத்தகுந்த ஆதாரத்தால் சரிபார்க்கத்தக்கதாதல் வேண்டும். எழுதுபவரின் சொந்த ஆய்வுக்கு இடமில்லை என்பது விக்கிப்பீடியாவின் அடிப்படை விதி. பொய்யையும் புனைவையும் தடுக்க இவ்விதி இன்றியமையாதது. ஆனால் அதன் சமூக விளைவு யாது? எந்தக் காற்றுக்கு எந்த மீன் களப்பினுட் புகும், எந்தக் கண்டல் அழிந்தால் எந்த இறால் குறையும் என்பதைத் தொழிலால் அறிந்தவனின் அறிவு, அச்சேறாத காரணத்தால், அறிவெனக் கொள்ளப்படுவதில்லை. 1751 இல் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்திற்காக டிடரோ கைவினைஞரின் பட்டறைகளை நாடி, அவர்தம் கருவிகளையும் செய்முறைகளையும் நூலேற்றினார் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. உழைப்பவரின் அறிவை எழுத்தாக்கியதே அந்நூலின் புரட்சித்தன்மைகளுள் ஒன்று. எவரும் எழுதலாம் என்னும் இன்றைய கலைக்களஞ்சியத்தில் அந்த மீனவன் எழுதலாம். எனினும் அவன் கூற்று ஆதாரமற்றதென நீக்கப்படலாம்.

இக்குறையைத் தன்னார்வலர்மேற் சுமத்துவது நீதியன்று. ஆதாரங்களை உருவாக்கவேண்டியவர்கள் பல்கலைக்கழகத்தினரே. நமது களப்புகள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. களத்தில் தமிழிற் பேசித் திரட்டிய தகவல், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பின்னர் அது பிறந்த மொழிக்கு மீள்வதில்லை.

இதற்கு மாற்றாகச் சிலர் ஐந்திணை மரபைக் காட்டி, சூழலியல் முழுவதும் நம்மிடம் முன்னரே இருந்தது என்பர். நெய்தற் பாடல்களிற் கண்டலும் தாழையும் புன்னையும் நுணுக்கமாக அவதானிக்கப்பட்டுள்ளமை உண்மை. முதற்பொருள், கருப்பொருள் என்னும் பாகுபாடு நிலத்தையும் உயிரையும் மாந்தர் தொழிலையும் இணைத்து நோக்குவதும் உண்மை. ஆனால் அது செய்யுளுக்கு வகுத்த இலக்கணம்; சத்தி எவ்வாறு உயிரிக்கு உயிரி கைமாறுகின்றது, நைதரசன் எவ்வாறு சுழல்கின்றது என்பவற்றை அது விளக்குவதில்லை; விளக்க முற்படவுமில்லை. பழம்பெருமை இன்றைய கட்டுரையொன்றின் இடத்தை நிரப்பாது. அவதானிப்பு மரபொன்று நம்மிடம் இருந்தது என்பது அதனைத் தொடரவேண்டிய பொறுப்பையே நமக்குத் தருகின்றது.

இவையனைத்தும் வெறும் அறிவுத்துறை விவாதமெனக் கருதுவோர் புத்தளத்தின் அனுபவத்தை நோக்குக. 1980களில் அக்களப்பை அண்டி இறால் வளர்ப்பு விரைந்து பரவியது. ஏற்றுமதி இலாபத்துக்காகக் கண்டல்கள் வெட்டப்பட்டுக் குளங்கள் அமைக்கப்பட்டன. 1990களில் வெண்புள்ளி நோய் பரவியபோது பெருநட்டம் விளைந்தது. குளங்கள் பல கைவிடப்பட்டன. முதலீடு செய்தவர் வேறிடம் பெயரலாம். களப்பை நம்பி வாழ்ந்தவர் பெயர முடியாது. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டத்துக்கு 1988 இல் செய்யப்பட்ட திருத்தம், குறித்த வகைத் திட்டங்களின் சுற்றாடற் தாக்க மதிப்பீட்டறிக்கைகளைப் பார்வையிட்டுக் கருத்துரைக்கும் உரிமையைப் பொதுமக்களுக்கு அளித்தது. 2015 இல் நாட்டின் கண்டல்கள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. ஆயின், சூழற்றொகுதி, உணவுவலை, உவர்த்தன்மை என்னும் எண்ணக்கருக்களைத் தன் மொழியில் அறிந்துகொள்ள வழியற்றவனுக்கு அவ்வுரிமை ஏட்டளவினதே. அறிக்கை எழுதுபவரிடம் கலைச்சொல் உண்டு. பாதிக்கப்படுபவரிடம் அனுபவம் உண்டு. இவ்விரண்டும் சந்திக்கும் பொதுக்களமாதல் வேண்டுமென்பதே கலைக்களஞ்சியத்தின் பயன் குறித்து நாம் கொள்ளக்கூடிய உயர்ந்த எதிர்பார்ப்பு.

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, பிறர் பட்டியலோடு நமது களப்பு, குளம், வயல், வடலி என்பவற்றிலிருந்து தொடங்கும் பட்டியலொன்றையும் வகுத்தல். இரண்டாவது, தனியினக் குறிப்புகளைவிட உறவுகளையும் செயன்முறைகளையும் விளக்கும் கட்டுரைகளுக்கு முதன்மை அளித்தல். மூன்றாவது, விஞ்ஞான மாணவர் தம் களஆய்வின் முடிவுகளைத் தகவலளித்தோரின் அனுபவத்தோடு தமிழிலும் எழுதி, இத்தகைய சங்க இதழ்களில் வெளியிடுதல். அவ்வாறு வெளியானவை நாளை கலைக்களஞ்சியத்துக்கு ஆதாரமாகும். ஆதாரமின்மையால் நீக்கப்படும் மீனவனின் கூற்றுக்கும் அப்போது இடமுண்டாகும். களப்பை அறிந்தவனின் அறிவு களஞ்சியத்தில் ஏறும்வரை அக்களஞ்சியம் நிறைந்ததாகாது.