பிளான்ட் முதல் மூக்கு வரை

இந்தியாவில் கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021 ஏப்ரலும் மே மாதமும் யாருக்கும் மறக்கவில்லை. சிலிண்டருக்காக விடிய விடிய வரிசையில் நின்றவர்களும், ஆம்புலன்ஸுக்குள்ளேயே மூச்சடங்கியவர்களும் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறார்கள். அந்தத் தவிப்பில் அரசு கண்ட பெரிய வழி ஆக்சிஜன் பிளான்ட் கட்டுவது. பி.எம். கேர்ஸ் நிதியில் மட்டும் நாடெங்கும் 1,200க்கும் மேற்பட்ட ஆக்சிஜன் பிளான்ட்டுகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. ஏழை நாடுகள் பலவற்றுக்கும் பிளான்ட்டுகள் நன்கொடையாகக் கப்பலேறின. பெருந்தொற்று நேரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அது சரியான முடிவு. இருபது முப்பது படுக்கையோடு, நிமோனியாக் குழந்தைகளும் எடை குறைந்த பச்சிளங்குழந்தைகளும் வந்து சேரும் கிராமப்புற மருத்துவமனைக்கும் அதே வைத்தியம் பொருந்துமா? சான்றுகளை எடுத்துவைத்துப் பார்த்தால், பொருந்தாது என்றே சொல்வேன்.

பப்புவா நியூ கினியிலிருந்து தொடங்கலாம். மலையும் காடுமான நாடு. பல ஊர்களுக்குச் சிலிண்டரைக் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடு. அங்கே டிரெவர் டியூக் என்ற குழந்தை மருத்துவரும் உள்ளூர் மருத்துவர்களும் ஐந்து மருத்துவமனைகளில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர்களையும், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர்களையும் வைத்தார்கள். நர்ஸ்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார்கள். 2008இல் லான்செட் இதழில் முடிவு வெளிவந்தது. முன்பு நிமோனியாவோடு சேர்க்கப்பட்ட 7,161 குழந்தைகளில் 356 பேர் இறந்திருந்தார்கள். பின்பு 4,130 பேரில் 133. நூற்றுக்கு ஐந்தாக இருந்த சாவு மூன்றுக்குச் சற்று மேலே வந்து நின்றது. ஒரு குழந்தைக்கு ஆன செலவு 51 டாலர்.

மனதை நிறைக்கும் கணக்குதான். ஆனாலும் இது முன்பு - பின்பு என்று ஒப்பிட்ட ஆய்வு. இடைப்பட்ட ஆண்டுகளில் நோயின் கடுமை மாறியிருக்கலாம்; பயிற்சி பெற்ற நர்ஸ் மற்ற விஷயங்களிலும் கவனமாகியிருக்கலாம். அத்தனை உயிரையும் கான்சன்ட்ரேட்டரின் கணக்கில் எழுதிவிட முடியாது.

இந்தக் குறையை நைஜீரியாவின் தென்மேற்கில் 12 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு பெரிதும் தீர்த்தது. முதலில் ஆக்சிமீட்டரை மட்டும் கொடுத்துப் பழக்கினார்கள். அதன் பிறகே, எந்த மருத்துவமனை எப்போது என்று குலுக்கல் முறையில் வரிசைப்படுத்தி, கான்சன்ட்ரேட்டர், மின்சார ஏற்பாடு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்த முழு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2019இல் வெளியான முடிவு பலரைத் திகைக்க வைத்தது. நிமோனியாக் குழந்தைகளின் சாவு ஆக்சிமீட்டர் வந்த கட்டத்திலேயே குறைந்துவிட்டது. முழு ஏற்பாடு வந்தபிறகு குழந்தைகளின் சாவு அதற்கு மேலும் குறைந்ததாகக் காணவில்லை.

'அப்படியானால் கான்சன்ட்ரேட்டர் வீண்செலவு' என்று இதை வாசித்தால் பெரும் பிழையாகிவிடும். அந்த மருத்துவமனைகளில் ஓரளவு ஆக்சிஜன் ஏற்கெனவே இருந்தது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் தெரியாமல் இருந்தது. ஆக்சிமீட்டர் வருமுன், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆக்சிஜன் சிகிச்சை கிடைக்கவே இல்லை. வந்தபின் பெரும்பாலோருக்குக் கிடைத்தது. சிலிண்டரே இல்லாத ஊரில் ஆக்சிமீட்டரை மட்டும் நீட்டினால், குழந்தை சாவதை எண்ணில் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அனுபவமுள்ள மருத்துவருக்குக் கண் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே சிகிச்சை தொடங்க வேண்டும். உதடும் நாக்கும் நீலம் பாய்வதோ அதற்கும் வெகுநேரம் கழித்து. கறுத்த தோலில் அந்த நீலம் எளிதில் புலப்படாது. ரத்தசோகை பிடித்த குழந்தைக்கு, மூச்சு முட்டும் நிலையிலும் நீலமே தோன்றாமல் போகலாம். கிராமத்து வார்டுக்கு வருவது பெரும்பாலும் இந்தக் குழந்தைதான். ஆக்சிமீட்டருக்கும் குறை உண்டு: கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடுகிறது என்பதை அமெரிக்க நோயாளிகளிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. 91 என்று காட்டினால் நிம்மதியடையாமல் குழந்தையின் நெஞ்சையும் பார்க்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும், குறைந்த, நடுத்தர வருமான நாடுகளின் பொது மருத்துவமனைகளில் 54 சதவீதத்தில்தான் ஆக்சிமீட்டர் இருக்கிறது என்று 2025இல் மருத்துவ ஆக்சிஜன் பற்றிய லான்செட் ஆணையம் சொன்னது. விரலளவுக் கருவிக்கு இந்த நிலை.

இனி, ஆக்சிஜன் வரும் வழி. 7,000 லிட்டர் கொள்ளும் பெரிய சிலிண்டர், நிமிடத்துக்கு 5 லிட்டர் வீதம் ஒரு பெரியவருக்கு ஒரு நாள்கூட முழுதாக வராது. ஐந்து லிட்டர் கான்சன்ட்ரேட்டர் ஒன்று, பிரித்துவிடும் குழாயோடு, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் போதுமான ஐந்து குழந்தைகளைத் தாங்கும். லாரிக்காகக் காத்திருக்க வேண்டாம். கரண்ட் போனால் அதன் கதை முடிந்தது. அந்த நேரத்துக்குச் சிலிண்டர் வேண்டும். ஆகவே இரண்டும் வேண்டும்.

ஆனால் கான்சன்ட்ரேட்டரிடம் ஓர் அபாயம் இருக்கிறது. பின்பக்கத்து ஃபில்டரில் தூசி அடைத்து, உள்ளேயிருக்கும் ஜியோலைட் மணிகளில் ஈரம் ஏறிவிட்டால், நைட்ரஜனைப் பிடித்துவைக்கும் சக்தி போய்விடும். முன்பக்கத்து அளவுக் குழாயின் குண்டு அப்போதும் 5 என்ற கோட்டிலேயே நிற்கும். பாட்டிலில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே இருக்கும். மூக்கருகே கை வைத்தால் காற்றும் வரும். 93 சதவீதமாக இருக்க வேண்டிய ஆக்சிஜன் 60க்கு இறங்கியிருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்க்குத் தெரியாமல் போகலாம். ஆக்சிஜன் அனலைசர் வைத்து அளக்காத நர்ஸுக்கும் தெரியாமல் போகலாம்.

பிளான்ட் என்பது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரிக்கும் இதே வேலையைப் பேரளவில் செய்வது. அதற்கு மூன்று பேஸ் மின்சாரம், குழாய்த் தொடர், கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்ளும் ஆள், உதிரி பாகங்கள் எல்லாம் வேண்டும். கான்சன்ட்ரேட்டர் ஒன்று கெட்டால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும். பிளான்ட் நின்றால் மொத்த வார்டும் நிற்கும். பெருந்தொற்றுக்காக வந்த பிளான்ட்டுகள் பல, ஆளும் பாகமும் இல்லாமல் பல நாடுகளில் ஓய்ந்து கிடக்கின்றன. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் ஒரு பிளான்ட்டும், அங்கேயே சிலிண்டர் நிரப்பும் வசதியும், சுற்றுவட்டாரத்துக்கு அனுப்ப ஒரு வண்டியும் என்றால் நியாயம். சின்ன மருத்துவமனை ஒவ்வொன்றின் கொல்லையிலும் ஒன்று என்பதை ஏற்க முடியாது.

என் தீர்ப்பில் வரிசைதான் முக்கியம். முதலில் ஆக்சிமீட்டர், வருகிற ஒவ்வொரு குழந்தைக்கும் வாசலிலேயே. அடுத்து ஸ்டெபிலைசரோடு கான்சன்ட்ரேட்டர்களும் கைக்காவலாகச் சிலிண்டர்களும். பிளான்ட் கடைசியில், அதுவும் மாவட்ட அளவில். நைஜீரியா போன்ற நாடுகளில் ஆக்சிஜனுக்குக் குடும்பமே காசு கட்டுகிற வழக்கத்தையும் இதோடு ஒழிக்க வேண்டும். கையில் காசு தீர்ந்ததென்று குழந்தையின் மூக்கிலிருந்து குழாயை எடுக்கும் நிலை இருக்கும்வரை எந்த ஏற்பாடும் பாதியிலேயே நிற்கும்.

இந்த வரிசை முழுவதையும் தாங்குபவர் ஒரு டெக்னீஷியன். மாவட்டத்துக்கு ஒருவர், கையில் அனலைசர், பையில் ஃபில்டர்கள், மாதம் ஒருமுறை ஒவ்வொரு மருத்துவமனைக்கும் போய்வர ஒரு பைக். நன்கொடையாளர்கள் இயந்திரத்துக்குக் கொடுக்கும் பணத்தை இவருக்குக் கொடுப்பதில்லை. அரசுகளும் இந்தப் பணியிடத்தை எளிதில் உருவாக்குவதில்லை. அடுத்த பிளான்ட்டுக்கான கோப்பு மேசைக்கு வரும்போது, அந்த மாவட்டத்துச் சம்பளப் பட்டியலில் இந்த வேலைக்கு யார் பெயர் இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். பெயர் இல்லையென்றால் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும்.