லென்ஸுக்கு ஒரு காவல் கண்ணாடி

புது லென்ஸ் வாங்கும்போது, "யூவி ஃபில்டரும் போட்டுடலாமா சார்?" என்று கடைக்காரர் கேட்பார். நாமும் தலையாட்டுவோம். அன்று மாட்டும் ஃபில்டரைப் பலர் பிறகு கழற்றுவதே இல்லை. லென்ஸின் மேலுள்ள அக்கறைதான் இதற்குக் காரணம். ஆனால் அந்த அக்கறைக்குப் படம் என்ன விலை கொடுக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

யூவி ஃபில்டர் காவலுக்காகப் பிறந்ததல்ல. ஃபிலிமில் புற ஊதாக் கதிரும் பதியும்; மலையிலும் கடலோரத்திலும் எடுத்த படங்களில் நீல மூட்டம் படரும். அதைத் தடுக்க வந்ததே இது. டிஜிட்டல் கேமராவில் அந்தக் கதிரைச் சென்சாரின் முன்னுள்ள கண்ணாடி அடுக்கே பெருமளவு தடுத்துவிடுகிறது. ஆக, இன்று ஃபில்டருக்கு மிஞ்சியிருப்பது காவல் வேலை மட்டுமே.

சில இடங்களில் அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. காற்று வீசும் நாளில் தனுஷ்கோடிக் கரையில் நின்றால் உப்புத் திவலையும் பொடிமணலும் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும். அவசரத்தில் துடைத்தால் மணலே மேற்பூச்சான கோட்டிங்கைக் கீறிவிடும். ஜல்லிக்கட்டுப் புழுதியிலும் இதே கதைதான். கீறல் விழுந்தது ஃபில்டரில் என்றால் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். லென்ஸின் முன் கண்ணாடியை மாற்றுவது பெரிய செலவு. மழை, தூசு தாங்கும்படி கேனான் தயாரிக்கும் லென்ஸ்களிலேயே சிலவற்றுக்கு ஃபில்டர் மாட்டினால்தான் அந்தக் காப்பு முழுமையடையும்.

ஃபில்டரின் குறையோ வெளிச்சத்தில் தெரியும். கோட்டிங் இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு கார்த்திகை தீபத்தன்று வாசல் அகல்களைப் படமெடுத்தேன். சட்டத்தின் இடப்பக்கக் கீழ்மூலையில் சுடர்கள். வலப்பக்க மேல்மூலை இருட்டில் அதே சுடர்கள் மங்கிய பச்சையாய்த் தலைகீழாகத் தொங்கின. சென்சாரில் பட்டுத் திரும்பிய ஒளி, தட்டையான ஃபில்டரில் மோதி மறுபடி உள்ளே வந்ததன் விளைவு அது. ஃபில்டரைக் கழற்றி அதே இடத்திலிருந்து மீண்டும் எடுத்தேன்; இருட்டு இருட்டாகவே பதிந்தது. மல்டி கோட்டிங் உள்ள நல்ல ஃபில்டர் இந்தக் குறையைக் குறைக்கும், அடியோடு போக்காது. மலிவான கண்ணாடியை நீண்ட டெலி லென்ஸில் மாட்டினால் படத்தின் கூர்மையும் போய்விடும்.

கேமரா கீழே விழுந்தால் ஃபில்டர் காப்பாற்றும் என்ற நம்பிக்கையும் முழு உண்மையல்ல. லென்ஸின் தடித்த முன் கண்ணாடி தாங்கிவிடக்கூடிய அடியில்கூட மெல்லிய ஃபில்டர் நொறுங்கலாம். அதன் சில்லே லென்ஸைக் கீறவும், நெளிந்த வளையம் மரையில் இறுகிக்கொள்ளவும் கூடும். இடியையும் மோதலையும் வாங்கிக்கொள்ள லென்ஸ் முனையில் மாட்டும் ஹூடே மேல். பக்கவாட்டு வெளிச்சத்தையும் அது தடுத்துப் படத்துக்கு உதவுகிறது.

உப்பும் மணலும் புழுதியும் பறக்கும் இடத்தில் நல்ல ஃபில்டர் அவசியம். விளக்கோ சூரியனோ சட்டத்துக்குள் வரும்போது அதைக் கழற்றிவிட வேண்டும். மற்ற நேரங்களில் ஹூட் போதும். முன் கண்ணாடியில் ஒரு சிறு கீறல் விழுந்தாலும் பெரும்பாலும் படத்தில் தெரியாது. அன்று இருட்டில் தொங்கிய பச்சைச் சுடர்களோ படம் உள்ளவரை அங்கேயே இருக்கும். லென்ஸை வாங்கியதே படத்துக்காகத்தான். காவலும் படத்துக்குப் பிறகுதான்.