படகு தள்ளியவன்

வேட்டை இலக்கியம் என்றவுடன் நம் வாசகர்களுக்குப் புலிதான் ஞாபகம் வரும். ஜிம் கார்பெட்டின் பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. கென்னத் ஆண்டர்ஸனையும் பலர் ரஸித்துப் படித்திருக்கிறார்கள். புலிக் கதையில் எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. புலி திருப்பிக் கடிக்கும். ஆகவே கதை தானாகவே நடந்துவிடும். வாத்து கடிக்காது. குளிர், சேறு, இருட்டு, நீண்ட காத்திருத்தல், அப்புறம் ஐந்து நிமிஷச் சத்தம். வாத்து வேட்டையை எழுத வருகிறவனுக்கு இவ்வளவுதான் கைமுதல். ஓர் எழுத்தாளனுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று பார்க்க வேண்டுமானால் அவனுடைய புலிக் கதையை விட்டுவிட்டு வாத்துக் கதையைப் படியுங்கள் என்பேன்.

மேல்நாடுகளில் இந்த வேட்டைக்கு ஒரு பஞ்சாங்கமே உண்டு. இங்கிலாந்தில் செப்டம்பர் 1-ம் தேதி நீர்வாத்து சீசன் பிறக்கிறது. அமெரிக்காவில் 1918-ம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் ஆண்டுதோறும் தேதி நிர்ணயிக்கிறார்கள். சூரியோதயத்துக்கு அரைமணி முன்னதாக முதல் வெடி வெடிக்கலாம். சீசனின் முதல் நாள் அங்கே ஒரு தீபாவளி மாதிரி. எண்ணெய் ஸ்நானம் மட்டுந்தான் கிடையாது. மற்றபடி விடியுமுன் எழுவது, புதுச் சட்டை, வெடி எல்லாம் உண்டு. இதை வர்ணிக்கும் கட்டுரைகளை வரிசையாகப் படித்தால் ஒன்றுக்கொன்று அச்சில் வார்த்தவை போல இருக்கும். தகப்பனார் மகனை எழுப்புவார், நாய் வாலை ஆட்டும், கிழக்கு வெளுக்கும், சிறகுச் சத்தம் கேட்கும்.

முதல் நாளில் பை நிறைவதற்குக் காரணம் என்ன? மாதக்கணக்காகச் சுடப்படாத பறவைக்கு மனிதனிடம் இருந்த ஜாக்கிரதை தளர்ந்திருக்கும். அந்த வருஷம் பொரித்த குஞ்சுக்கோ துப்பாக்கி என்றால் என்னவென்றே தெரியாது. பறவையின் நம்பிக்கையைத்தான் வேட்டைக்காரன் தன் திறமைக் கணக்கில் வரவு வைத்துக்கொள்கிறான். இந்த ஒரு விஷயத்தை நேராகச் சொல்லும் வேட்டைக் கட்டுரையை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன்.

நம் நாட்டு வாத்து வேட்டை எழுத்துக்களில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது புஸ்தகமே அல்ல, ஒரு கல்வெட்டு. ராஜஸ்தானத்தில் பரத்பூரை அடுத்த கேவலாதேவ் சதுப்பு நிலத்தில் அது இருக்கிறது. எந்தத் தேதியில், எந்தப் பிரமுகருக்காக, எத்தனை பறவை என்று வரிசையாகப் பொறித்திருக்கிறார்கள். 1938 நவம்பர் 12-ம் தேதி வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்திருந்தபோது ஒரே நாளில் 4,273 பறவைகள். வினைச்சொல் என்று ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை அதை எழுதியவருக்கு. எண்ணிக்கை கதையை விழுங்கிவிட்டது.

தமிழ்நாட்டிலும் நாம் கல் நட்டவர்கள்தாம். திருவண்ணாமலைப் பக்கத்தில் எடுத்தனூரில், மகேந்திர பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எஜமானன் மாண்டபின் கள்ளர் இருவரைக் கடித்து நின்ற நாயைப் பற்றியது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே இருக்கிறது. ஒரு நாய்க்குப் பெயர் சொல்லிய கல்லையும், நாலாயிரத்துச் சொச்சம் பறவைகளுக்கு இலக்கம் மட்டும் போட்ட கல்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இலக்கிய விமரிசனத்துக்கு வேண்டிய பாடம் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

துப்பாக்கிக்காரர்களை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. காங்கிரஸ் மகாசபைக்கு வித்திட்ட ஏ. ஓ. ஹியூம்தான், மார்ஷல் என்பவருடன் சேர்ந்து, இந்தியா, பர்மா, இலங்கை ஆகிய நாடுகளின் வேட்டைப் பறவைகளைப் பற்றி 1879 முதல் 1881 வரை மூன்று பாகங்கள் வெளியிட்டவர். 1908-ல் ஸ்டூவர்ட் பேக்கர் நம் வாத்துக்களைப் பற்றித் தனி நூலே கொண்டுவந்தார். ஸாலிம் அலி பறவை சாஸ்திரத்துக்குள் நுழைந்தது, சிறு வயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்திய பிறகுதான். தம் சுயசரிதைக்கு அந்தக் குருவியை வைத்தே பெயரிட்டார். குறிபார்க்கிறவனின் கண் கூர்மையான கண். இறகின் நிறம், பறக்கும் தினுசு, இரை தேடும் வேளை எல்லாம் அதற்குத் தெரியும். ஒன்றைத் தவிர. படகில் தனக்குப் பின்னால் நின்று கழி போடுகிறவனை அது பார்ப்பதில்லை.

அவனைப் பார்த்தவர்கள் என்று எனக்குத் தெரிந்து இரண்டு பெரிய எழுத்தாளர்கள்.

முதலாவது, துர்கனேவ். 'ல்கோவ்' என்ற அவருடைய சிறு சித்திரம் 1847-ல் வந்தது. கதைசொல்லி வாத்துச் சுடப் போகிறான். படகு வேண்டும். சூச்சோக் என்ற பண்ணையடிமைக் கிழவன் ஓர் ஓட்டைப் படகைக் கொண்டு வருகிறான். மீன்பிடிப்பது அவனுக்கு இட்ட உத்தியோகம்; ஆற்றில் மீன் கிடையாது. இதற்கு முன் என்ன செய்தாய் என்று கேட்கக் கேட்க, வண்டியோட்டி, சமையற்காரன், எஜமானியின் நாடகத்தில் நடிகன் என்று ஒவ்வொன்றாக வருகிறது. காப்பி பரிமாறும் வேலைக்குப் போட்டபோது அவன் பெயரையே மாற்றிவிட்டார்களாம். குறையாக அவன் எதையும் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொல்கிறான். அப்புறம் வேட்டை நடக்கிறது, வாத்துக்கள் விழுகின்றன, படகு முழுகுகிறது, எல்லோரும் கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறார்கள், செத்த வாத்துக்கள் அவர்களைச் சுற்றி மிதக்கின்றன. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் புஸ்தகத்தை மூடியபின் மனசில் நிற்பவன் சூச்சோக். பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்று துர்கனேவ் ஓர் இடத்திலும் பிரசங்கம் செய்யவில்லை. 1861-ல் அது ஒழிந்தபோது, இந்தத் தொகுப்புக்கும் அதில் ஒரு பங்கு உண்டென்று பலரும் சொன்னார்கள்.

இரண்டாவது, ஹெமிங்வே 1950-ல் எழுதிய 'நதியைக் கடந்து மரங்களுக்குள்' என்ற நாவல். வெளிவந்தபோது விமரிசகர்கள் அதைப் பந்தாடினார்கள். நடுவில் வரும் காதல் பேச்சுக்களைப் பற்றி அவர்கள் சொன்னதெல்லாம் நியாயமே. நானும் சில பக்கங்களைத் தாண்டித்தான் போனேன். ஆனால் அதன் முதல் அத்தியாயம் வாத்து வேட்டை எழுத்தின் சிகரம். வெனிஸ் நகரத்து உப்பங்கழி, விடியுமுன், தண்ணீர்மேல் பனிக்கட்டி. இருதயம் கெட்டுப்போன அமெரிக்கக் கர்னல் ஒருவர். கட்டியை உடைத்துப் படகு செலுத்தும் ஆள், காரணமில்லாமல் சிடுசிடுக்கிறான். வாத்து வருகிற திசையைக்கூடக் கெடுத்து வைக்கிறான். முதல் அத்தியாயத்தில் நமக்கும் அவன்மேல் கோபம் வருகிறது. புஸ்தகத்தின் கடைசிப் பகுதியில் காரணம் தெரிகிறது: யுத்தத்தின்போது நேசப்படையைச் சேர்ந்த துருப்புகள் அவன் மனைவியையும் மகளையும் கெடுத்துவிட்டார்கள். கர்னலின் உடுப்பைப் பார்த்ததும் அவனுக்கு அது எழும்புகிறது. எழுநூறு பக்க யுத்த நாவல் சொல்லத் தவித்திருக்கும் விஷயத்தை, ஒரு படகுக்காரனின் முரட்டுத்தனத்தில் ஒளித்து வைத்திருக்கிறார். கோளாறான நாவலுக்குள் இப்படி ஒரு முத்து இருந்தால் கோளாறுகளை நான் மன்னித்துவிடுவேன்.

இப்ஸனின் 'காட்டு வாத்து' நாடகத்தை யாராவது நினைவூட்டுவார்கள். 1884-ல் வந்த அந்த நாடகம் மகத்தானதுதான். அடிபட்டதும் அடியில் மூழ்கிப் பாசியைக் கவ்விக்கொண்ட வாத்து அங்கே ஒரு குடும்பத்துக்கே உவமையாகிவிடுகிறது. சங்கடம் என்னவென்றால், நம் கதாசிரியர்கள் பலருக்கு இப்ஸனிடமிருந்து தொற்றியது அந்த உவமை மோகம் ஒன்றுதான். நம் கதைகளில் பறவை வந்தால் அது ஆன்மாவாக இருக்கும், அல்லது சுதந்திரமாக இருக்கும். என்ன பறவை என்று கேட்டுவிடக் கூடாது.

சென்னையிலிருந்து வடக்கே கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போகிறவர்கள் ஆலைப் புகையைப் பார்த்திருப்பார்கள். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரந்தான் பழவேற்காட்டு ஏரி. சில்காவுக்கு அடுத்தபடி இந்தியாவில் பெரிய உப்பங்கழி அது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி நம் திருவள்ளூர் ஜில்லாவில். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். ஐப்பசி, கார்த்திகையில் வடதேசங்களிலிருந்து ஊசிவால் வாத்தும், தட்டைவாயனும், நீலச்சிறகியும், கிளுவையும் வந்து இறங்குகின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக மதராஸ் துரைமார்கள் படகேறி இந்தப் பக்கம் துப்பாக்கியோடு வந்தார்கள். துரை சுட்டால் அதற்கு விளையாட்டு என்று பெயர். அதே பறவையை நரிக்குறவர் சுட்டு ஒரு வேளைச் சோற்றுக்கு விற்றால் வேறு பெயர். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. அப்போதும் அனுமதிச் சீட்டு வாங்கினால் வாத்துச் சுட இடமிருந்தது. 1991-ம் வருஷத்துத் திருத்தம் அந்தக் கதவையும் சாத்தியது. நல்ல காரியம். ஆனால் துரைக்கு அதனால் ஒரு பொழுதுபோக்குப் போயிற்று, நரிக்குறவருக்கு அடுப்புப் போயிற்று. இந்த வித்தியாசம் ஒரு நாவலுக்குப் போதுமான விஷயம். நாவலைக் காணோம்.

சத்திமுத்தப் புலவர் நாரையிடம் தூது சொன்னார். திருமணத்துக்குச் சாட்சி ஒரு குருகுதான் என்று குறுந்தொகையில் ஒரு பெண் சொல்லுகிறாள். அந்தக் குருகு மீனுக்காகக் காத்து நின்றது என்பதையும் கவி விடவில்லை. பறவையைப் பறவையாகப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதல்ல. சென்ற நூற்றாண்டில் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன், ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் காலமாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். தமிழிலும் எழுதினார், கொஞ்சந்தான். 'பத்மாவதி சரித்திரம்' எழுதியவரின் பிள்ளை இத்தனை நுட்பத்தோடு எழுதியும் நம் நாவலாசிரியர்கள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில் இன்னார் வலை போடலாம் என்று தங்களுக்குள் வகுத்துக்கொண்ட முறை. எங்கே சேறு ஆழம், எந்தக் காற்றில் தண்ணீர் வற்றும், முகத்துவாரம் அடைத்தால் எது எங்கே ஒதுங்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். துரை துப்பாக்கியோடு வந்த நாளில் பறவை இருக்கும் இடத்துக்குப் படகைத் தள்ளிக்கொண்டு போனது அந்த அறிவுதான். அன்றைக்கு அவனுடைய பாடு யாருக்குப் போயிற்று? வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தான்? எத்தனை தோட்டா செலவாயிற்று என்று எழுதி வைத்த துரைமார்களை நான் படித்திருக்கிறேன். படகுக்காரனுக்குக் கூலி எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதியவரை இன்னும் பார்க்கவில்லை.